எழுபதாம் பிறந்தநாளுக்கு வந்த மகள்கள்

உடம்பில் தண்ணீர் பட்டதும் போங்ரேயின் வாய் திறந்துகொள்ளும்.

"லில்லி, காதுக்குப் பின்னால நல்லாத் தேய். கப்பல் வந்து நிக்குதாம். அழுக்கோட போய் உக்காந்தா எவன்டி உள்ள வருவான்?"

"தேய்ச்சாச்சும்மா."

"பொய் சொல்லாத. அப்பாகிட்ட சொல்லிடுவேன்."

குளித்துக்கொண்டிருந்தவள் போங்ரே. குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் ஓக்பூன். தண்ணீர் வார்க்கிறவளைப் பார்த்து நீ ஒழுங்காகக் குளி என்று ஏசுகிறாளே, அவளுக்கு மறதி நோய். பெற்ற பிள்ளைகளின் பெயர் போய்விட்டது. காலையில் குடித்த கஞ்சி போய்விட்டது. சொந்த வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்பதுகூடப் போய்விட்டது. கொரியாவின் தென்கரையில், மாசான் துறைமுகத்துச் சந்தில், கண்ணாடிக் கதவும் சிவப்பு விளக்குமாக அவளும் புருஷனும் சேர்ந்து நடத்திய அந்த வீடு மட்டும் ஓர் ஆணிகூடக் கழலாமல் தலைக்குள் அப்படியே நின்றது.

அந்த வீட்டில்தான் ஓக்பூன் லில்லியாக இருந்தாள். நூற்பாலையில் வேலை என்று சொல்லி, பேருந்து நிலையத்துத் தரகன் ஒருவன் அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனான். உள்ளே காலை வைத்ததும் போங்ரே முதலில் பிடுங்கிக்கொண்டது அடையாள அட்டையை, அடுத்தது பெயரை. எல்லோருக்கும் பூப்பெயர்தான். ரோஜா, தாமரை, லில்லி, செவ்வந்தி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாயிலேயே அடி விழும். அவளை 'அம்மா' என்றும் அவள் புருஷன் தோ சாங்மானை 'அப்பா' என்றும்தான் அழைக்க வேண்டும். புது வருடக் காலையில் எல்லோரும் ஹான்போக் பட்டுடை உடுத்தி, வரிசையில் நின்று, அந்த அப்பா அம்மாவுக்கு விழுந்து கும்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் கண்ணாடிக் கதவு திறக்கும். பெண்ணை விற்றுத் தின்கிற வாய்க்கு அப்பா என்கிற பட்டம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

எழுபது வயது மனிதரை 'அவன்' என்பதா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கதையில் அவனுக்கு 'அவர்' கிடையாது.

நோயாளிகளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலைக்குத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியிருந்தாள் ஓக்பூன். போன குளிர்காலத்தில் பராமரிப்பு மையத்திலிருந்து ஒரு முகவரி கொடுத்து அனுப்பினார்கள். கதவுப் பலகையில் தோ சாங்மான் என்று இருந்தது. திரும்பிப் போய்விடலாம், வேறு வீடு கேட்டால் தருவார்கள். ஆனால் அவள் கை அழைப்பு மணியை அழுத்திவிட்டது. கதவைத் திறந்த சாங்மான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, செருப்ப வெளியிலயே விடு, தரைக்கு இப்பத்தான் மெழுகு போட்டிருக்கு," என்றான். வருடக்கணக்காக அவளைக் கூறு போட்டு விற்றவன், முகத்தில் முகக்கவசமும் இடுப்பில் ஏப்ரனுமாக நின்றவளை யாரோ எவரோ என்று நினைத்துக்கொண்டு டி.வி. பார்க்கப் போய்விட்டான். அந்த இடத்திலேயே அவன் கழுத்தைக் கடித்திருப்பாள். கடிக்காததற்குக் காரணம் நாம்சுக்.

நாம்சுக்தான் செவ்வந்தி. பக்கத்து அறை. இருபத்திரண்டு வயது. நடுவில் ஒட்டுப்பலகைச் சுவர். அதில் வாயை வைத்துத்தான் இருவரும் தங்கள் நிஜப் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு மழைக்காலத்தில் எவனோ ஒரு மருந்துக்கடைக்காரனைக் கூட்டிவந்து நாம்சுக்கின் கருவைக் கலைக்கச் சொன்னார்கள். மறுநாள் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று முனகினாள். முனகல் சத்தத்தில் வாடிக்கையாக வந்தவன் எழுந்து ஓடுகிறான் என்று அவளைத் தூக்கி, அடுப்புக்கரி அடுக்கிவைக்கிற அறையில் போட்டு வெளியே பூட்டினான் சாங்மான். ஓக்பூன் அந்தக் கதவில் கை வீங்கும்வரை அடித்தாள். அவளையும் அறைந்து உள்ளே தள்ளினார்கள். பிறகு ஒரு காலையில் கரி அறை கழுவிவிடப்பட்டு ஈரமாகக் கிடந்தது.

"செவ்வந்தி அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா," என்றான் சாங்மான்.

அந்த ஆத்தா கோஜே தீவிலிருந்து மகளைத் தேடி வந்தாள். "எவனோ மாலுமியோட ஓடிட்டா கெழவி, உன் வளர்ப்பு அப்படி," என்று அவளிடம் வேறு கதை. தேடித் தேடியே அந்தம்மா போய்ச் சேர்ந்தாள்.

அந்த வீட்டிலிருந்து தப்பித்த பிறகு ஓக்பூன் போலீசுக்குப் போகாமல் இல்லை. "நீ அங்க என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டு ஒரு மாதிரி சிரித்தான் முதலில் இருந்தவன். பல வருடம் கழித்து இருந்தவன் நல்ல பையன். சிரிக்கவில்லை. ஆனால், "எங்க பொதைச்சாங்கன்னு தெரியாம எந்த மண்ணத் தோண்டறதும்மா? எடத்தச் சொல்லுங்க, நான் வர்றேன்," என்றான்.

அந்த இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் சொல்ல மாட்டான். இன்னொருத்திக்கு ஓக்பூன் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, செவ்வந்தி எங்கம்மா?" தினமும் கேட்பாள்.

"வரிசை எங்கடி?" என்று போங்ரே திருப்பிக் கேட்பாள். "எல்லாரும் வரிசையா நில்லுங்க. தலைய எண்ணணும். வரிசையே நிக்கல, இவ வந்துட்டா கேள்வி கேக்க."

ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் இல்லை. எப்போது கேட்டாலும் வரிசைதான். தனியாளாக நிற்கிறவளிடம் அந்தத் தலை எதையும் திறக்காது. இது ஓக்பூனுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. உறைத்த அன்றைக்கே அவள் மீன் சந்தைக்குப் போனாள்.

மீன் சந்தையில் மிரான் கணவாய் மீனின் குடலை உருவிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்து ரோஜா. வாய் நீளம், கை அதைவிட நீளம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஜோம்ரே உட்கார்ந்திருந்தாள். அவள் தாமரை. தேகூ நகரத்தில் ஒரு சூப் கடையில் பாத்திரம் கழுவுகிறவளை ஓக்பூன்தான் போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

"அவன் எழுபதாவது பொறந்தநாளா? போய் விஷம் வெச்சுட்டு வா. என்னை எதுக்குக் கூப்பிடறே?" என்றாள் மிரான்.

"விஷம் வெச்சா அவன் செத்துருவான். எடம் தெரியாமப் போயிடும்."

"அதுக்கு நாங்க என்ன பண்றதாம்?"

"ஹான்போக் கட்டிட்டு வந்து அவனுக்கு விழுந்து கும்புடணும்."

மிரான் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னடி, அவ மூத்திரத்தத் தொடைச்சுத் தொடைச்சு உனக்கும் புத்தி போயிடுச்சா?"

ஓக்பூன் சொன்னாள், வரிசை நின்றால்தான் அந்தக் கிழவி வாய் திறப்பாள் என்று. வீட்டில் நிற்க முடியாது, அவன் விடமாட்டான். விருந்து மண்டபத்தில் அவளும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும். எழுபதாவது பிறந்தநாளன்று பெண்டாட்டி நாற்காலி காலியாக இருந்தால் தோ குலம் முழுக்க என்ன சொல்லும்? அவன் இப்போது சாதாரண ஆளா, குலச் சங்கத்துத் தலைவராயிற்றே. மண்டையே குழம்பிய மனைவியானாலும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து உட்கார வைப்பான். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மதுக் கிண்ணம் கொடுத்து விழுந்து கும்பிடுவார்கள். அந்த வரிசையில் நாமும் போய் நிற்போம்.

ஜோம்ரே மெதுவாக, "என் மருமகளுக்கு நான் தையல்காரியா இருந்தேன்னுதான் தெரியும்," என்றாள். "ஊரே பாக்க அங்க போய் நின்னா, நாளைக்கு என் பேரப்புள்ளைய என் மடியில விடுவாளா? அவன் நடத்தினான், அவனுக்குத் தலைவர் பதவி. நாம அடி வாங்கினோம், நாமதான் மூஞ்சிய மறைச்சுக்கறோம். இது என்ன கணக்குன்னே எனக்குப் புரியல."

"புரிஞ்சா மட்டும்?" என்றாள் மிரான்.

"புரியலன்னுதான் வர்றேன்," என்றாள் ஜோம்ரே.

மிரான் கத்தியை மறுபடி எடுத்துக் கணவாயின் தலையைத் துண்டித்தாள். பிறகு, "எனக்குச் செவப்புக் கலர்தான் வேணும், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள்.

விருந்து மண்டபத்தில் அன்று மதியம் தோ குலத்தில் நடக்க முடிந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மேடையில் நீள மேசை. அதில் ஆப்பிள், பேரிக்காய், வண்ண வண்ண அரிசிக் கொழுக்கட்டை எல்லாம் ஆள் உயரத்துக்குக் கோபுரமாக நின்றன. அத்தனையும் வாடகைக்கு வந்த பிளாஸ்டிக். பின்னால் தங்கநிறப் பட்டில் சாங்மான் மிடுக்காக வீற்றிருந்தான். பக்கத்தில் போங்ரே, உதட்டுச் சாயம் பூசிய பொம்மை மாதிரி.

"மாத்திரை குடுத்தியா?" என்று காலையிலேயே ஓக்பூனிடம் கேட்டிருந்தான். "ரெண்டாக் குடு. மத்தியானம் பூரா வாயத் தொறக்காம தூங்கி வழிஞ்சாப் போதும்."

"குடுத்துட்டேங்க."

மாத்திரை கழிவறைக்குள் போயிருந்தது. இதற்காக அவளுக்குத் துளிகூட உறுத்தல் இல்லை.

முதல் மேசையில் குலத்தின் மூத்தவர் தோ ஹாக்கூ உட்கார்ந்திருந்தார். சாங்மானுக்குச் சித்தப்பா முறை, தொண்ணூறைத் தொடுகிறவர். குலக்கோயிலுக்குப் புது ஓடு வேய்ந்தது சாங்மான். மூதாதையர் கல்லறை மேட்டுக்குக் கல்படி கட்டியது சாங்மான். அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த ஒரு கிழவனுக்குக்கூடத் தெரியாமல் இல்லை. "துறைமுகத்துல தங்கும் விடுதி நடத்தினான்," என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள்.

பெரிய மகனும் மருமகளும் கும்பிட்டார்கள். சின்ன மகன் கும்பிட்டான். வாடகைக்கு வந்த நிகழ்ச்சித் தொகுப்பாளன், பளபளக்கிற கோட்டுக்காரன், கையிலிருந்த மைக்கைத் தூக்கினான். வீட்டோடு இருக்கிற பொம்பளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓக்பூன் காதில் போட்டுவைத்ததை அப்படியே நம்பியிருந்தான்.

"பெத்தது ரெண்டு பையன்தான், ஆனா நம்ம தலைவர் வளர்த்த பொண்ணுங்க எத்தனையோ! இளமையில தன் வீட்டுலயே வெச்சுக் காப்பாத்தின மகள்கள் இன்னிக்கு அப்பாவக் கும்புட வந்திருக்காங்க. ஒரு கைத்தட்டு குடுங்க!"

மண்டபம் கைதட்டியது. ஆஹா, எவ்வளவு பெரிய மனசு என்று பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள். சாங்மான் சிரித்த முகத்தோடு யார் என்று எட்டிப் பார்த்தான். சிவப்பில் மிரான், நீலத்தில் ஜோம்ரே, ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளையில் ஓக்பூன். மிரானுக்கும் ஜோம்ரேக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

மூவரும் நெற்றியில் கைகளைச் சேர்த்து, முழங்கால் மடக்கி, தரையில் அமிழ்ந்து கும்பிட்டார்கள். அழகான கும்பிடு. அடித்துக் கற்றுக்கொடுத்தது ஆயிற்றே, பிசகுமா?

எழுந்தார்கள். கிண்ணம் கொடுக்க முன்னால் வருவார்கள் என்று சாங்மான் கையை நீட்டினான். அவர்கள் வரவில்லை. நின்ற இடத்திலேயே மறுபடி முழங்காலை மடக்கினார்கள்.

இரண்டாவது கும்பிடு.

கைதட்டல் பட்டென்று அறுந்துபோயிற்று. உயிரோடிருக்கிறவருக்கு ஒரு கும்பிடுதான். இரண்டு கும்பிடு போட்டால் அது செத்தவருக்கு. கைக்குழந்தைக்கும் தெரியும் இது. பெரிய மகன் எழுந்தேவிட்டான். சாங்மானின் நீட்டிய கை மேசைக்கு மேலேயே நின்றது. அப்போதுதான் அவன் ஓக்பூனின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தான்.

"ஏம்மா, நீ…"

"லில்லிங்கப்பா," என்றாள் ஓக்பூன். "மூணாம் நம்பர் ரூமு."

"அஞ்சாம் நம்பர், ரோஜா," என்றாள் மிரான், மீன் விற்கிற குரலில்.

"தாமரை," என்றாள் ஜோம்ரே. குரல் நடுங்கியது. ஆனால் கடைசி மேசைக்கும் கேட்டது.

"பாட்டப் போடு!" என்று சாங்மான் தொகுப்பாளனைப் பார்த்துக் கத்தினான். "யாரோ பைத்தியங்க. தூக்கி வெளிய போடுங்க!"

அதற்குள் போங்ரே கையைத் தட்டினாள். சட்சட்டென்று இரண்டு தட்டு. அந்த மூன்று பெண்களின் முதுகும் தன்னால் நிமிர்ந்தது. இத்தனை வருடம் கழித்தும்! அதற்காகவே அந்தக் கையை முறிக்கலாம் போல ஓக்பூனுக்கு வந்தது.

"நில்லுங்கடி ஒழுங்கா. ரோஜா, உதட்டுல சாயம் எங்க? தாமரை, எவன் செத்தான்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? சிரி. புது வருஷமும் அதுவுமா…" கிழவி விரலை நீட்டி எண்ணினாள். காலியிடத்தில் விரல் நின்றது. "இது யாரு எடம்?"

"செவ்வந்தி எடம்மா," என்றாள் ஓக்பூன். "செவ்வந்தி எங்கம்மா? கூட்டிட்டு வரட்டுமா?"

"வாய மூடு!" சாங்மான் மனைவியின் வாயைப் பொத்தப் பாய்ந்தான். பட்டுக்கை பட்டு ஒரு பழக்கோபுரம் சரிந்து, பிளாஸ்டிக் ஆப்பிள்கள் மேடையெங்கும் உருண்டன. போங்ரே அவன் கையைத் தட்டிவிட்டாள். புருஷன் மேல் அவளுக்கு வந்த கோபம் முப்பது வருடத்துக்கு முந்தைய கோபம், பச்சையாக அப்படியே இருந்தது.

"என்னை ஏன் அடக்கறீங்க? நான் அப்பவே சொன்னேன்ல! பொதைக்க உங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா? உங்கம்மா கல்லறைக் காலடியில கொண்டுபோய்ப் போடுவாங்களா ஒரு செவப்பு வெளக்குக்காரிய? குலத்து மேட்ட எவனும் தோண்ட மாட்டான், அதான் பத்திரம்னீங்க. உங்கம்மா தெனம் என் கனவுல வந்து காறித் துப்பறாங்க!"

ஓக்பூன் மிரானின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிடைத்துவிட்டது. இவ்வளவு காலம் தேடியது, இவ்வளவு எளிதாக, ஒரு வாடகை மேடையில் கிடைத்துவிட்டது.

மண்டபத்தைப் பார்த்தாள். ரூம் நம்பர் சொன்னபோது இந்தப் பெரிய மனிதர்கள் கடல்பாசி சூப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் விட்டத்தைப் பார்த்தார். ஒரு பெண் செத்தாள், அவளைப் புதைத்தார்கள் என்று காதில் விழுந்தபோதும் எவனும் அசையவில்லை. 'உங்கம்மா கல்லறைக் காலடி' என்றதும்தான் முதல் மேசை உயிர் பெற்றது.

ஹாக்கூ பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். உதடு துடித்தது.

"குலத்து மேட்டுலயா?"

"சித்தப்பா, அவளுக்குத்தான் மூள சரியில்லயே…"

"நம்ம பாட்டன் பூட்டன் தலைசாய்ச்சிருக்கிற மண்ணுலயாடா? அந்த மாதிரி ஒருத்தியவா?"

பின்மேசைகளும் எழுந்துவிட்டன. அவமானம், அபச்சாரம் என்று ஆளுக்கொரு குரல். நேற்றுவரை அவன் வேய்ந்த ஓட்டுக்கடியில் நின்று பல்லிளித்தவர்கள், இப்போது அவன் சட்டைக் கழுத்தைப் பிடிக்கப் போனார்கள்.

"அவள உயிரோட வித்தப்ப உங்களுக்கெல்லாம் கோவம் வரல," என்றாள் ஓக்பூன். கத்தவில்லை, ஆனால் மண்டபமே அடங்கியது. "கரி ரூமுக்குள்ள பூட்டிச் சாகவிட்டவளப் பொதைச்சான்னு காதுல விழுந்ததுக்கும் வரல. உங்க புல்லுத்தரை தீட்டாயிடுச்சுன்னதும் வந்துடுச்சு. தூ! நல்ல குலம்யா நீங்க."

பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. "இன்னிக்கே அத வெளிய எடுக்கணும்," என்றார் பொதுவாக. "பொழுது சாயறதுக்குள்ள."

"எடுங்க," என்றாள் ஓக்பூன். "அதுக்குத்தான் நான் இவன் வீட்டுல சோறு ஆக்கிப் போட்டேன்."

நிஜத்தில் அவர்கள் கோபப்பட்டது அவளுக்கு வசதியாகத்தான் போயிற்று. எந்தச் சட்டமும் அசைக்காத மண்வெட்டியை இவர்கள் வெட்கம் கெட்ட வெட்கம் அசைத்துவிட்டது. மண்டபத்து வாசலிலேயே அந்த நல்ல போலீஸ்காரப் பையனுக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னாள். கிளம்பிவிட்டேன், நான் வரும்வரை மண்ணில் கை வைக்க விடாதீர்கள் என்றான். போங்ரேயின் மருமகள் அவளைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். "வரிசை கலையாதீங்கடி," என்று கிழவி காருக்குள்ளிருந்தும் சொல்லிக்கொண்டே போனாள்.

மேடு ஊருக்கு வெளியே. சாங்மான் கட்டிய கல்படியில் சாங்மானையே முன்னால் விட்டு நடத்திப் போனார்கள். தங்கநிறப் பட்டின் ஓரமெல்லாம் சேறு. அவன் போகிற வழியெல்லாம், "பைத்தியக்காரி பேச்சு, அங்க ஒன்னும் இல்ல," என்றே சொல்லிக்கொண்டு வந்தான். "ஒன்னும் இல்லன்னா தோண்டினதும் தெரிஞ்சுடும்," என்றார் பெரியவர்.

அவன் அம்மாவின் கல்லறை பச்சைப் புல் மூடிய உருண்டை மேடு. காலடியில் சமதரை. அங்கே வந்ததும் சாங்மானின் கால் ஒரு இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனது. எல்லோரும் பார்த்தார்கள். அவனுக்கே அது தெரியவில்லை.

"வருஷா வருஷம் புல் வெட்டறப்ப இந்த எடத்த மட்டும் நீயேதான் வெட்டுவே," என்றார் பெரியவர். "அம்மா மேல அவ்வளவு பாசமான்னு நெனைச்சேன்டா நானு."

சாங்மானின் முகம் சுண்டி, சட்டென்று ஒரு கிழவனின் முகமாகிவிட்டது.

மேட்டைக் காவல் காக்கிற கொட்டகையிலிருந்து இளைஞன் ஒருவன் மண்வெட்டியோடு வந்து ஓங்கினான். பெரியவர் கைத்தடியால் தடுத்தார். கல்லறையைச் சும்மா திறக்கக் கூடாது. அது எவளுடையதாக இருந்தாலும் சரி. மது ஊற்றி, விழுந்து கும்பிட்டு, உள்ளே இருப்பவரைக் குலம் சொல்லிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழுப்புவதற்கு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மண்ணில் இரும்பு படலாம். கேட்காமல் தோண்டினால் பழி மொத்தமும் குலத்தின் தலையில் இறங்கும். அந்தப் பயம் அவர்களுக்கு எலும்புவரை உண்டு.

"பொதைச்சவன்தான் கேக்கணும்," என்றார் பெரியவர். "மண்டி போடு."

விருந்தில் மிச்சமிருந்த சோஜு மது ஒரு காகிதக் கோப்பையில் வந்தது. சாங்மான் மண்டியிட்டு அதைப் புல்லில் ஊற்றினான். பட்டுடை மண்ணில் பரவ, நெற்றி தரையில் பட, இரண்டு முறை கும்பிட்டான். மிரான் மூக்கைச் சிந்தினாள். ஜோம்ரே அவன் நெற்றி மண்ணில் ஒட்டியதையே கண் இமைக்காமல் பார்த்தாள்.

"கூப்புடு," என்றார் பெரியவர்.

"செவ்வந்தி…"

"அது நீ வெச்ச வேசப் பேருடா. எந்த ஊருக் குலம், என்ன குடும்பம்? அவ அப்பன் வெச்ச பேரு என்ன?"

சாங்மானுக்குத் தெரியாது. அடையாள அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டவனுக்கு எப்படித் தெரியும்? சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். கடைசியில் ஓக்பூனிடம் வந்து நின்றது அவன் பார்வை. கீழே சாலையில் போலீஸ் வண்டி ஒன்று மேட்டுப் பக்கம் திரும்பியது.

"ஏம்மா…"

ஓக்பூன் காது கேளாதவள் போல நின்றாள்.

"சொல்லும்மா," என்றார் பெரியவர் பதறிப்போய். "போலீசு வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்."

"நான் உங்ககிட்ட ஏன் சொல்லணும்? அவன் கேக்கட்டும். 'ஏம்மா' இல்ல. நான் ஒன்னும் அவனுக்கு அம்மா இல்ல, மகளும் இல்ல. மரியாதையாக் கேக்கச் சொல்லுங்க. மண்டி போட்டது போட்டபடியே கேக்கட்டும்."

தன் அம்மாவின் கல்லறைக்கு முதுகைக் காட்டி, சாங்மான் முழங்காலாலேயே அவள் பக்கம் திரும்பினான்.

"அவங்க… அவங்க பேரு என்னங்க?"

இந்த 'ங்க'வுக்காகத்தானே இத்தனை நாள் இவன் வீட்டுத் தரையைத் துடைத்தேன் என்று நினைத்தாள். நெஞ்சில் ஒரு கொடிய சந்தோஷம் பொங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"கோஜே ஊரு. பான் குலம். பேரு பான் நாம்சுக். அவளுக்கும் பாட்டன் பூட்டன் இருந்தாங்க, அவங்களுக்கும் ஒரு மேடு இருக்கு. இப்பச் சொல்லு."

அவன் வாய்க்குள்ளேயே எதையோ முனகினான்.

"எனக்கே கேக்கல. அவ மண்ணுக்கடியில கெடக்கா."

"கோஜே… பான் குலத்து… நாம்சுக்…"

"சத்தமா."

"கோஜே பான் குலத்து நாம்சுக்!"

குரல் உடைந்து மேட்டில் எதிரொலித்தது. கல்படியில் பூட்ஸ் சத்தம் ஏறிவந்தது. பெரியவர் கையைப் பிசைந்தார். "போதும்மா, கேட்டுட்டான்ல, அவங்க வந்துட்டாங்க."

"வரட்டும்," என்றாள் ஓக்பூன். குனிந்து அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள். "இன்னொரு தடவ சொல்லு."